போதும்னு எப்போ சொல்லலாம்? ஆபிரகாம் வால்ட் கதை

அந்தப் படம் உங்க வாட்ஸ்அப் க்ரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். ஒரு போர் விமானத்தோட அவுட்லைன். இறக்கையிலயும் வாலிலயும் கொத்துக் கொத்தா சிவப்புப் புள்ளிகள், இஞ்சின் பக்கம் ஒண்ணுமே இல்லை. புள்ளி எல்லாம் குண்டு பட்ட இடம். எங்க நிறைய அடி பட்டிருக்கோ அங்க தகடு வெச்சு பலப்படுத்தலாம்னு ராணுவம் நினைக்க, ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் அடி படாத இடத்துலதான் தகடு வைக்கணும்னு சொன்னார். இஞ்சின்ல அடி வாங்கின விமானம் திரும்பி வரவே இல்லை, அதனாலதான் அங்க புள்ளி இல்லை.

லிங்க்டின்ல இதை மோட்டிவேஷன் போஸ்ட் ஆக்கி ஆக்கித் தேய்ச்சுட்டாங்க. அந்தப் படமே பல வருஷம் கழிச்சு யாரோ விளக்கத்துக்காக வரைஞ்சது. ஆனா அந்த மனிதர் உண்மை. பேரு ஆபிரகாம் வால்ட். அவர் செய்த வேலைகளில் இந்த விமானக் கணக்கு ஒரு சின்னப் பகுதிதான். அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு உங்களையும் என்னையும் நேரடியா தொடுது. கேள்விகளுக்கு நீங்க சொல்ற பதிலைப் பார்த்துட்டே, போதும், இவரைப் பத்தித் தெரிஞ்சுடுச்சுன்னு நடுவிலேயே நிறுத்தத் தெரிந்த கம்ப்யூட்டர் தேர்வுகள் இருக்கு இல்லையா, அந்த நிறுத்தும் கணக்கோட வேர் அவர்கிட்டதான் இருக்கு.

இன்னொரு விஷயம். அவர் உயிர் போனது நம்ம தமிழ்நாட்டுல, நீலகிரியில. இது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

சனிக்கிழமை ஸ்கூல் போகாத பையன்

வால்ட் 1902 அக்டோபர் 31 அன்று கொலோஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய - ஹங்கேரிய பேரரசில் இருந்தது. இப்போ ருமேனியாவில் க்ளூஜ் நபோக்கான்னு பேரு. ஆசாரமான யூதக் குடும்பம். யூதர்களுக்கு சனிக்கிழமை ஓய்வு நாள், ஆனா அங்க ஸ்கூல் சனிக்கிழமையும் உண்டு, வந்தே ஆகணும். அதனால அவர் ஸ்கூலுக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லைன்னா ஹால் டிக்கெட் தராத ஊர்ல இருக்கிற நமக்கு இது கொஞ்சம் ஜாலியா தோணும். ஆனா கஷ்டம் பின்னாடிதான் வந்தது. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்து, மேல்படிப்புக்கு வியன்னா போனார். அங்கே கார்ல் மெங்கர் என்ற பேராசிரியரைப் பார்த்தார்.

மெங்கர் இவருக்கு என்ட்ரன்ஸ் எதுவும் வைக்கவில்லை. ஆராய்ச்சிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். வால்ட் கொஞ்ச நாளில் தீர்த்துட்டு வந்து நின்றார். அதைவிடக் கஷ்டமா இன்னொண்ணு கொடுத்தார். அதையும் தீர்த்துட்டு வந்தார். மெங்கருக்கு அதுக்கு மேல சந்தேகம் இல்லை. வியன்னாவில் வால்ட் வகுப்பில் உட்கார்ந்து படித்தது மூணே மூணு பாடம்தான், 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை ஏத்திக் கொடுத்து, தெரிஞ்சதும் நிறுத்துறது. பின்னாடி அவர் பேரோட சேரப்போகிற யோசனை அவருக்கே ஒரு வகையில நடந்திருக்கு பாருங்க.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. 1930-களின் வியன்னாவில் ஒரு யூதருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது நடக்காத காரியம். மெங்கர் அலைந்து திரிந்து கார்ல் ஷ்லெசிங்கர் என்ற வங்கிக்காரருக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும் ட்யூஷன் வேலையைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்ன் தன் ஆய்வு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். வடிவியல் படிச்ச ஆள் வயித்துப்பாட்டுக்காகப் பொருளாதாரத்துக்குள்ள நுழைஞ்சார், அங்கேயும் மற்றவர்கள் பிற்காலத்தில் பிடித்து ஏறும்படியான தேற்றங்களை எழுதினார். கோர் கம்பெனி கிடைக்காமல் வேற துறைக்குப் போற சீனியர்களை நினைச்சுக்கோங்க. வால்ட்டுக்கு அந்தக் கதவை மூடினது மார்க் இல்லை, பிறப்பு.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவின் கௌல்ஸ் கமிஷன் என்ற பொருளாதார ஆய்வு அமைப்பு அழைப்பு அனுப்பியிருந்தது. அந்தக் கோடையிலேயே வால்ட் கிளம்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஊரில் இருந்த பெற்றோரும் கூடப்பிறந்தவர்களில் பெரும்பாலானவர்களும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். ஒரு சகோதரர் மட்டும் தப்பித்து, பிறகு இவரோடு வந்து சேர்ந்தார்.

நியூயார்க்கில் ஒரு கேள்வி

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஹோட்டெலிங் என்ற புள்ளியியல் பேராசிரியர் வால்ட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டார். புள்ளியியலை வால்ட் முறையா படிச்சது அங்கதான், முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. நாலஞ்சு வருஷத்தில் அந்தத் துறையோட போக்கையே மாத்திட்டார்.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு கொலம்பியாவில் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தது. ஆலன் வாலிஸ் அதன் தலைவர். பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய மில்டன் ஃப்ரீட்மன், ஜேக்கப் வுல்ஃபோவிட்ஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். விமானக் கணக்கை வால்ட் செய்தது இந்தக் குழுவுக்காகத்தான். இதுல ஒரு வேடிக்கை. வால்ட் சட்டப்படி எதிரி நாட்டுப் பிரஜை. அவர் எழுதுறதோ ராணுவ ரகசியம். அதனால அவர் ஒவ்வொரு பக்கம் எழுதி முடிச்சதும், அவரே படிச்சிடக் கூடாதுன்னு செக்ரட்டரி அதைப் பிடுங்கிட்டுப் போயிடணும்னு குழுவுக்குள்ள ஜோக் அடிப்பாங்களாம்.

1943 தொடக்கத்தில் கடற்படையைச் சேர்ந்த கேப்டன் ஸ்கைலர் ஒரு புகாரோடு வந்தார். ரெண்டு வகை வெடிகுண்டுகளில் எது நல்லதுன்னு பார்க்க, இத்தனை ஆயிரம் சுட்டுப் பார்க்கணும்னு புள்ளியியல்காரர்கள் முன்கூட்டியே எண்ணிக்கை எழுதிக் கொடுத்துடுறாங்க. அனுபவம் உள்ள ஒரு அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்தால் பாதியிலேயே சொல்லிவிடுவார், இது தேறாது, இதுக்கு மேல சுடறது வேஸ்ட் என்று. அந்த அதிகாரியோட கண்ணுக்குத் தெரியறதைக் கணக்காக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

வாலிஸும் ஃப்ரீட்மனும் இதை மண்டையில போட்டு உருட்டினாங்க. ஏதோ இருக்குன்னு பட்டது, கணக்கு பிடிபடலை. வால்ட்டிடம் கொண்டு போனார்கள். அவர் முதலில் பெரிசா ஆர்வம் காட்டவில்லை. ஒண்ணு ரெண்டு நாளில் அவரே ஃபோன் செய்தார். முடியும், எப்படின்னும் தெரிஞ்சுடுச்சுன்னு.

அதுதான் தொடர் சோதனை முறை. வால்ட் வைத்த முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் தொடர் நிகழ்தகவு விகிதச் சோதனை. பேரு பயமுறுத்தும். கணக்கு நம்ம எம்-3 பேப்பரைவிட ரொம்ப சிம்பிள். வாங்க, ஒரு தேர்வையே எடுத்துப் போட்டுப் பார்த்துடலாம்.

ஒரு பேப்பர், ஒரு பேனா

ஒரு பாடத்தில் ரெண்டு வகை மாணவர்கள்னு வெச்சுக்கோங்க. பாடம் தெரிஞ்சவர் பத்து கேள்வியில் எட்டு சரியா போடுவார். தெரியாதவர் நாலுதான் போடுவார். உங்க முன்னாடி உக்காந்திருக்கிறவர் எந்த வகை?

ஒரு கேள்வி கேளுங்க. பதில் சரின்னா, அவர் தெரிஞ்சவரா இருந்தா அதுக்கு வாய்ப்பு 0.8, தெரியாதவரா இருந்தா 0.4. வகுத்தால் 2. பதில் தப்புன்னா 0.2-ஐ 0.6-ஆல் வகுக்கணும், மூணில் ஒரு பங்கு. இப்போ 1-ல இருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் 2-ஆல் பெருக்குங்க, ஒவ்வொரு தப்புக்கும் 3-ஆல் வகுங்க. அவ்வளவுதான்.

எங்கே நிறுத்தறது? ரெண்டு பக்கமும் 5 சதவீதம் தப்பு நடந்தால் தாங்கிக்கலாம்னு நீங்க முடிவு செய்தால், 0.95-ஐ 0.05-ஆல் வகுக்க 19. எண்ணிக்கை 19-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பாஸ்னு சொல்லி நிறுத்துங்க. 19-ல் ஒரு பங்குக்குக் கீழ இறங்கினால் ஃபெயில்னு நிறுத்துங்க. நடுவில் இருந்தால் அடுத்த கேள்வி கேளுங்க.

ஒருத்தர் வரிசையா சரியா போடறார்: 2, 4, 8, 16, 32. அஞ்சு கேள்வியில் முடிஞ்சது. இன்னொருத்தர் வரிசையா மூணு தப்பு: 27-ல் ஒரு பங்கு, மூணே கேள்வியில் முடிஞ்சது. மூணாவது ஆள் ரெண்டு சரி, ஒரு தப்பு, அப்புறம் நாலு சரி. 2, 4, பிறகு 1.33, 2.67, 5.33, 10.67, 21.33. ஏழாவது கேள்வியில் பாஸ்.

இதே நம்பிக்கையோடு, எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கைன்னு பேப்பர் செட் பண்ணணும்னா 15 முதல் 17 கேள்வி தேவைப்படும். வால்ட் முறையில் பாடம் தெரிஞ்சவருக்கு சராசரியா எட்டு ஒன்பதிலேயே முடிஞ்சுடும். ஏறக்குறைய பாதி. வெடிகுண்டோ, பல்போ, மாணவரோ, எதைச் சோதித்தாலும் இந்த மாதிரிப் பாதி மிச்சமாவதை வால்ட் காட்டினார். இதே அளவு தப்புக்குள் இதைவிடக் குறைந்த சராசரி எண்ணிக்கையில் முடிக்கிற சோதனை வேற எதுவுமே இல்லைன்னு 1948-ல் அவரும் வுல்ஃபோவிட்ஸும் நிரூபித்தார்கள்.

இப்போ இந்தக் கணக்கில் மறைஞ்சிருக்கிற ஒண்ணைக் கவனிங்க. பத்துக்கு ஆறு போடுற ஆள் ஒருத்தர் வந்தால்? அவர் எண்ணிக்கை மேலயும் போகாமல் கீழயும் இறங்காமல் நடுவிலேயே ஊசலாடும். கேள்வி மேல கேள்வி வந்துட்டே இருக்கும். அதாவது நீளமான தேர்வு வந்தால் நீங்க மக்குன்னு அர்த்தம் இல்லை, கோட்டுக்குப் பக்கத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம். சீக்கிரம் முடிஞ்சாலும் அப்படித்தான், அது பாஸா ஃபெயிலான்னு நீளத்தை வெச்சு சொல்லவே முடியாது.

பெங்கால் சணல் வயலும் கும்மிடிப்பூண்டி லாரியும்

ரகசியம் நீங்கினதும் 1945-ல் வால்ட் இதைக் கட்டுரையாகவும், 1947-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். தனக்கு முன்னாடி இந்தத் திசையில் நடந்தவர்களை அதில் வரிசையா சொல்கிறார். அதில் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் உண்டு. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய மகலநோபிஸ். பெங்காலில் சணல் எவ்வளவு நிலத்தில் பயிராகுதுன்னு கணக்கெடுக்க, அவர் ஒரேயடியா பெரிய சர்வே போடாமல், முதலில் சின்னதா எடுத்து, அதில் கிடைத்ததை வைத்து அடுத்ததை வடிவமைத்து, படிப்படியாப் போனார். தன் யோசனைக்கு இதையும் ஒரு முன்னோடின்னு வால்ட் குறிப்பிட்டார்.

தொழிற்சாலைகளில் இது போர்க்காலத்திலேயே நுழைந்துவிட்டது. நம்ம பக்கம் கும்மிடிப்பூண்டியிலயோ தேர்வாய் கண்டிகை சிப்காட்லயோ இன்ப்ளாண்ட் ட்ரெய்னிங் போனவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். லாரியில் ஒரு லாட் வந்து இறங்குது. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. க்யூ.சி.-ல சாம்பிள் எடுத்து, இத்தனைக்கு மேல டிஃபெக்ட் இருந்தா லாட்டைத் திருப்பி அனுப்புவாங்க. ஒரே சாம்பிள்ல முடிவு பண்றது ஒரு வகை, சந்தேகம் இருந்தா ரெண்டாவது சாம்பிள் எடுக்கிறது இன்னொரு வகை. ஒண்ணு ஒண்ணா எடுத்து, முடிவு தெரிஞ்ச நிமிஷம் நிறுத்துறது வால்ட் வகை. சோதிச்சா பொருளே வீணாப்போற இடத்தில், உதாரணமா உடைச்சுப் பார்க்கிற டெஸ்ட்டில், இந்த மிச்சம் நேரடியா காசு.

பொருளைச் சோதிக்கிற முறை மனுஷங்களுக்கு வர அதிக காலம் ஆகலை. இதில் ரெண்டு வேலை இருக்குன்னு பிரிச்சுப் பார்த்துக்கோங்க. அடுத்து எந்தக் கேள்வி கேட்கணும் என்பது ஒண்ணு. 1905-லேயே பாரிஸில் ஆல்ஃபிரட் பினே குழந்தைகளுக்கு அவங்க பதிலுக்கேத்த மாதிரி ஏத்தி இறக்கிக் கேள்வி வெச்சார். பின்னாளில் அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் லார்ட் போன்றவர்கள் அதற்குக் கணிதம் எழுதினார்கள். எப்போ நிறுத்தணும் என்பது ரெண்டாவது. பாஸ், ஃபெயில்னு ரெண்டாப் பிரிக்கிற கம்ப்யூட்டர் தேர்வுகளில் வால்ட் விகிதத்தையே அப்படியே பயன்படுத்தும் முறை இன்னைக்கும் உண்டு.

நம்ம ஊர் நர்ஸிங் படிச்சவங்க அமெரிக்கா போக எழுதற என்க்ளெக்ஸ் தேர்வு 1994-ல இருந்து அடாப்டிவ். இப்போ குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150. இடையில் எங்க வேணா நிக்கும். நிறுத்த அவங்க வெச்சிருக்கிற சூத்திரம் வால்ட்டோடது இல்லை, ஆனா 95 சதவீத உறுதி வந்ததும் நிறுத்துன்னு சொல்ற அந்த மனசு அவரோடது. நம்ம கேம்பஸ் பக்கம் ஆம்கேட் அடாப்டிவ், எம்.பி.ஏ.-க்குப் போற ஜிமேட் அடாப்டிவ். இவை பதிலுக்கேத்த மாதிரி கேள்வியோட கடினத்தை மாத்தும், என்க்ளெக்ஸ் மாதிரி நடுவுல நிறுத்தாது. நம்ம செமஸ்டர் மட்டும் இன்னும் எல்லாருக்கும் அதே மூணு மணி நேரம்.

நீலகிரி

1950-ல் வால்ட்டின் இன்னொரு பெரிய புத்தகம் வந்தது. முடிவெடுப்பதையே ஒரு கணிதமாகப் பார்க்கிற புத்தகம். அதே வருஷக் கடைசியில் இந்திய அரசு அவரைச் சொற்பொழிவுப் பயணத்துக்கு அழைத்தது. மனைவி லூசிலோடு வந்தார். மகலநோபிஸால இந்தியாவில் புள்ளியியல் சூடா வளர்ந்துட்டிருந்த காலம் அது.

டிசம்பர் 13 அன்று அவங்க போன ஏர் இந்தியா விமானம் நீலகிரியின் வடக்குப் பக்கம், கோத்தகிரி அருகே ரங்கசாமி மலைப் பகுதியில் மோதி நொறுங்கியது. யாரும் பிழைக்கவில்லை. வால்ட்டுக்கு 48 வயசு. விமானம் எங்க அடி வாங்கினா திரும்பி வராதுன்னு கணக்கு போட்டவர் விமானத்திலேயே போனார்னு சொல்லி நிறைய பேர் இதை ஒரு சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி எழுதுவாங்க. எனக்கு அதில் ருசி இல்லை. வீட்டில் ரெண்டு சின்னக் குழந்தைங்க இருந்தாங்க. மகன் ராபர்ட்டுக்கு மூணு வயசு. அவர் வளர்ந்து சிகாகோவில் இயற்பியல் பேராசிரியராகி, பொதுச் சார்பியலுக்கு உலகம் முழுக்கப் படிக்கிற ஒரு பாடப்புத்தகம் எழுதினார்.

நமக்கு என்ன?

வால்ட் கணக்கில் மூணு எண்களை நாம கையால் போட்டோம். தெரிஞ்சவருக்கு எட்டு, தெரியாதவருக்கு நாலு, தப்புக்கு 5 சதவீதம். இந்த மூணும் கணிதத்தில் இருந்து வரலை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்றாங்க. வால்ட்டே இந்த ரெண்டு வகைத் தப்பையும் தனித்தனியாத்தான் வைத்தார்: கெட்ட லாட்டை உள்ள விடற தப்பு ஒண்ணு, நல்ல லாட்டைத் திருப்பி அனுப்பற தப்பு ஒண்ணு. லாட்டைத் தப்பா திருப்பி அனுப்பினா சப்ளையருக்குக் கொஞ்சம் நஷ்டம். நல்லா தெரிஞ்ச ஒருத்தரைத் தப்பா திருப்பி அனுப்பினா? 5 சதவீதம்னா இருபதில் ஒருத்தர். நம்ம க்ளாஸ்ல அறுபது பேருமே பாடம் தெரிஞ்சவங்கன்னு வெச்சாலும் மூணு பேர். அந்த மூணு பேர்ல ஒருத்தர் கும்மிடிப்பூண்டி பக்கத்து கிராமத்துல இருந்து லோன் போட்டுப் படிக்க வந்தவராவும் இருக்கலாம்.

கம்பெனிக்கு இந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது. எடுத்தவங்க எப்படி வேலை செய்யறாங்கன்னுதான் அவங்களால பார்க்க முடியும். எடுக்காம விட்டவங்க திரும்பி வராத விமானம் மாதிரி, டேட்டாவில் இருக்க மாட்டாங்க. வால்ட்டோட ரெண்டு வேலையும் இங்கதான் ஒண்ணா வந்து நிக்குது. சீக்கிரம் நிறுத்தற தேர்வு நல்லதுதான், சோர்வு குறையும், தெரிஞ்சதையே பத்து தடவை கேட்டு நேரத்தைத் தின்னாது. ஆனா எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறோமோ அவ்வளவுக்கு அந்த மூணு எண்ணையும் யார் போட்டாங்கன்னு கேட்கணும்.

நம்ம டிபார்ட்மெண்ட்லயே லேப் வைவாவையோ இன்டர்னல் டெஸ்டையோ இப்படி மாத்தலாம்னு யோசிக்கிறவங்க இருக்கீங்க. மாத்துங்க, கோட் எழுத பத்து வரி போதும். அதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங் போட்டு, நல்ல மாணவரைத் தப்பா ஃபெயில் பண்றதுக்கு எத்தனை சதவீதம் வைக்கப் போறீங்கன்னு போர்டுல எழுதுங்க. கோட்டுக்குப் பக்கத்துல நின்னு மாட்டினவருக்கு இன்னொரு தடவை உட்கார வழி உண்டான்னும் எழுதுங்க. தேர்வாய்னு பேரிலேயே வெச்சிருக்கிற ஊருக்குப் பக்கத்துல படிக்கிறோம். எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறோம்னு சொல்லிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.